பதினொரு நிமிடச் சண்டையைப் பார்த்தவர்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1986-ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை, கிள்ளானில் மத்தியான ஆட்டம் விட்டு வெளியே வந்தபோது, கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்த ஒரு பெண்மணி என்னை நிறுத்தி, படத்தில் வில்லன் எப்படிச் செத்தான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மூன்று நிமிடம் கையைக் காலை ஆட்டி, நான் பார்க்காத ஒரு சண்டையை அவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு, பெயர், ஊர், தொழில் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண விருந்தில் அவரை மறுபடியும் பார்த்தேன். ஒரே மேசை. எனக்கு அவரை நினைவில்லை; அவருக்கு என்னை நன்றாக நினைவிருந்தது. "நீங்கதானே அந்த நாய்?" என்றார். மேசையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். நாய் விவகாரம் ஆறாவது பகுதியில் வரும். இந்தக் கதையில் பாதி, அன்று சாப்பாடு முடிவதற்குள் அவர் சொன்னது. மீதி பாதி என் கைவரிசை. எந்தப் பாதி எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழப்பமாகத்தான் இருக்கிறது.

அவர் பெயர் புஷ்பவல்லி. நேரில் மரியாதையாகத்தான் பேசுவேன். கதைக்குள் மட்டும் 'அவள்' என்று எழுதப்போகிறேன். அவர் அனுமதி தந்துவிட்டார்.

2

தொடங்குவதில்தான் தகராறு.

தொடக்கம் ஒன்று: 'கிள்ளான் ஆற்றின்மீது அந்திச் சூரியன் தன் செந்நிறக் கதிர்களை' — போதும். அந்த வாரம் முழுவதும் புஷ்பவல்லி ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொடக்கம் இரண்டு: 'இரத்தம்! எங்கு பார்த்தாலும் இரத்தம்!' இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழப்போவதில்லை. வாசகரை ஏமாற்றுவதற்கும் ஓர் அளவு உண்டு.

தொடக்கம் மூன்று: 'புஷ்பவல்லி பொய் சொல்லத் தெரியாதவள்.' எழுதிவிட்டுப் பார்த்தேன். முதல் வரியிலேயே பொய்.

தொடக்கம் நான்கு: 'பத்திரிகை வியாழக்கிழமை நாலு மணிக்கு முடிந்துவிடும். படமோ வெள்ளிக்கிழமைதான் வெளியாகும்.'

இதை வைத்துக்கொள்வோம். அழகில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் முடிச்சு முழுவதும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

3

தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் அந்த வார இதழ் நடந்தது. பெயர் வேண்டாம். ஆசிரியர் கந்தையா, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பரம்பரையாக யாழ்ப்பாணம். எழுத்துப்பிழையைக் கண்டால் அவருக்கு வயிற்று வலி வந்துவிடும். புஷ்பவல்லி அங்கே புரூப் பார்ப்பவள். முப்பத்தொரு வயது. கிள்ளானிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவாள்.

அவள் கதை எழுதுவாள். ஏழு சிறுகதைகளைக் கந்தையாவிடம் கொடுத்திருக்கிறாள். ஏழும் திரும்பி வந்தன. ஏழின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: 'பாத்திரங்களில் உயிர் இல்லை.' எட்டாவதை அவள் எழுதவில்லை. அதற்குள் வேறொரு வேலை வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை இதழில் 'கொட்டகை வாசலில்' என்று ஒரு பக்கம். புதுப் படம் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள் ஐந்து பேரிடம் கருத்துக் கேட்டு, பெயர், ஊர், தொழிலோடு போட வேண்டும். கந்தையா இதைப் புஷ்பவல்லியிடம் ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு வியாழக்கிழமை நாலு மணிக்குள் எப்படிக் கருத்து வாங்குவது என்பதை அவர் யோசிக்கவில்லை. அவர் படம் பார்ப்பதில்லை. புஷ்பவல்லி யோசித்தாள். இரண்டு தெரு தள்ளி அவள் தம்பி ஜெயராஜ் வீடியோ கடை வைத்திருந்தான். கடை முன்பக்கம் பக்திப் படங்களும் பழைய படங்களும் இருக்கும். கல்லாவுக்குக் கீழே இருந்தவற்றைப் பற்றிச் சட்டம் வேறு மாதிரி நினைத்தது. புதுப் படம் இங்கே திரைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் கேசட் அங்கே வந்துவிடும். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் போய், கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, தயிர்ச்சோறு சாப்பிட்டபடி படத்தைப் பார்ப்பாள். பாட்டு வந்தால் ஓட்டிவிடுவாள். திரும்பி வந்து ஐந்து பேருடைய கருத்தையும் எழுதிவிடுவாள்.

இப்படி இரண்டு வருஷம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதைவிட, ஜனங்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் நிரந்தரம். கிள்ளான் தம்புசாமி, லோரி ஓட்டுநர். செமினி இராஜம்மா, இல்லத்தரசி. ஸ்ரீ கெம்பாங்கான் கன்னையா, ஓய்வு பெற்றவர், குறை கண்டுபிடிப்பதைத் தவிர வேறு தொழில் இல்லாதவர். மீதி இரண்டு பேர் வாரா வாரம் மாறுவார்கள்.

[இங்கே ஓர் அடைப்புக்குறி. ஒரு வாசகர் தம்புசாமிக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். அட்டையைக் கந்தையா தன் கையாலேயே புஷ்பவல்லியிடம் கொடுத்து, மறக்காமல் அவரிடம் சேர்க்கச் சொன்னார். அதை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.]

4

அந்த வாரப் படம் 'மீண்டும் ஒற்றைக்கண் சுடலை.' இரண்டாம் பாகம். முதல் பாகத்தின் முடிவில் கதாநாயகன் சுடலை அருவியில் விழுந்து செத்துப்போயிருந்தான். இரண்டாம் பாகத்தில் எழுந்து வந்து, முதல் பாகத்தைவிட இரண்டு மடங்கு ஆட்களைக் கொன்றான். கடைசியில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வில்லனோடு பதினொரு நிமிடம் சண்டை. ஐஸ் அறுக்கும் ரம்பம், ஐஸ் தூக்கும் கொக்கி, வெள்ளை ஐஸ்மேல் சிவப்பாக ஓடும் ரத்தம். புஷ்பவல்லிக்குத் தயிர்ச்சோறு இறங்கவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் எழுதியதிலிருந்து மூன்றை மட்டும் இங்கே தருகிறேன்.

தம்புசாமி, லோரி ஓட்டுநர், கிள்ளான்: "செத்தவர் எப்படி வந்தாருன்னு கேக்காதீங்க. வந்தாருல்ல, அது போதும். ஐஸ் சண்டை பதினோரு நிமிஷம், நான் மணி பாத்தேன். பினாங்கு வரைக்கும் லோரி ஓட்டினாக்கூட எனக்குக் கை இப்படி வலிச்சதில்ல. நாற்காலிய அந்தப் புடி புடிச்சிருந்தேன்."

இராஜம்மா, இல்லத்தரசி, செமினி: "இவ்வளவு வெட்டு குத்து தேவையா? பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. ஐஸ் மேல ரத்தம் ஓடறப்ப பக்கத்து சீட்டு அம்மா கையப் புடிச்சிக்கிட்டேன். யாருன்னே தெரியாது. இப்ப சிநேகிதம் ஆயிட்டோம்."

கன்னையா, ஓய்வு பெற்றவர், ஸ்ரீ கெம்பாங்கான்: "முதல் பாகத்தில் கறுப்புத் துணி இடது கண்ணில். இதில் வலது கண்ணில். எந்தக் கண் என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். ஆனால் ஐஸ் ரம்பச் சண்டையைப் பார்த்தபோது இரண்டு கண்ணையும் மன்னித்துவிட்டேன்."

மீதி இரண்டு பேரும் ஐஸ் சண்டையைத்தான் புகழ்ந்திருந்தார்கள். வேறு எதைப் புகழ்வது? படத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருந்ததே அது ஒன்றுதான்.

5

திங்கட்கிழமை காலை ராதாகிருஷ்ணன் மாடிப்படி ஏறி வந்தார். படத்தை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த விநியோகஸ்தர் அவர். கையில் ஞாயிற்றுக்கிழமை இதழ். கந்தையாவின் மேசைமேல் அதை விரித்து, ஐந்து இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

விஷயம் இதுதான். இங்கே திரையிடுவதற்குமுன் தணிக்கையில் ஐஸ் தொழிற்சாலைச் சண்டை அடியோடு போய்விட்டது. பதினொரு நிமிடத்தில் ஒரு நொடிகூட மிச்சமில்லை. வில்லன் தொழிற்சாலைக்குள் ஓடுகிறான், கதவு மூடுகிறது. அடுத்த காட்சியில் சுடலை குளித்து முழுகி, கோயிலில் அம்மாவிடம் விபூதி வாங்குகிறான். நாட்டில் எந்தக் கொட்டகையிலும் இல்லாத சண்டையை இந்த ஐந்து பேரும் எங்கே பார்த்தார்கள்?

புஷ்பவல்லி தன் மேசையில் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். ஆனால் ராதாகிருஷ்ணனுக்கு வேறு சந்தேகம். தம்புசாமி என்று ஓர் ஆள் இல்லாமல் இருக்கலாம் என்பது அவர் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தம்புசாமி திருட்டு கேசட்டில் பார்த்திருக்கிறார், இராஜம்மாவும் அப்படித்தான், ஆகவே ஏதோ ஒரு கடை ஊர் முழுக்க வாடகைக்கு விடுகிறது. ஐந்து பேருடைய விலாசத்தையும் கொடுத்தால் கடையைக் கண்டுபிடித்துவிடலாம், மீதியைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

"உங்க ஆளுங்க மேல எனக்குக் கோபம் இல்ல தங்கச்சி," என்று அவளிடம் திரும்பிச் சொன்னார். "தம்புசாமி நல்ல ரசிகர். கடை எதுன்னு மட்டும் சொல்லட்டும், போதும்."

வியாழக்கிழமைக்குள் விலாசம் தருவதாகக் கந்தையா வாக்குக் கொடுத்தார்.

[ராதாகிருஷ்ணனை முதல் வரைவில் தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக ஒரு வில்லனாக எழுதினேன். சரிப்படவில்லை. அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லையே. தன் படத்தை முதல் நாளே போய்ப் பார்த்து, சண்டை இல்லாத இடத்தில் ஜனங்கள் ஊளையிட்டதைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்த மனிதர். தொந்தியை எடுத்துவிட்டேன். சங்கிலி இருக்கட்டும்.]

புஷ்பவல்லிக்கு அன்று இரண்டு உணர்ச்சி ஒரே நேரத்தில் வந்தது. ஒன்று பயம். இன்னொன்றைச் சொல்ல விருந்தில் அவர் வெட்கப்பட்டார், நான் வற்புறுத்திய பிறகுதான் சொன்னார். பெருமை. தம்புசாமியை இரண்டு பெரிய மனிதர்கள் நம்புகிறார்கள், அவர்மேல் அக்கறையாகப் பேசுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு தம்பியின் கடை நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தம்பியிடம் ஓடினாள். ஜெயராஜ் பக்திப் படங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். கையுறைத் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோது வெளியே வந்தவன். நாலு மாதம் வீட்டில் ஒரே நாற்காலியில் சும்மா உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் இருந்து, அப்புறம் இந்தக் கடையைப் போட்ட பிறகுதான் மனிதனாகச் சிரித்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, கடை போச்சுன்னா நான் திரும்ப அந்த நாற்காலியிலதான் போய் ஒக்காரணும்," என்றான். மறுபடியும் தூசி தட்டப் போய்விட்டான்.

ஆக, கணக்கு இப்படி நின்றது. ஐந்து பேர் உண்மை என்று அவள் சாதித்தால், விலாசம் கிடைக்காமல் பத்திரிகையைச் சுற்றியுள்ள பிரிக்பீல்ட்ஸ் வீடியோ கடைகளைத் துழாவுவார்கள். முதல் கடை தம்பியுடையது. ஐந்து பேர் பொய் என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பக்கம் அன்றோடு முடிந்தது. வேலை போனாலும் போகட்டும், புரூப் பார்க்க வேறு இடம் கிடைக்கும். தம்புசாமி எங்கே போவார்? இராஜம்மா? உலகத்தில் அவள் எழுதியது அச்சில் வரும் ஒரே இடம் அதுதான். அதைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும்.

6

மூன்றாவது வழி ஒன்று அவளுக்குப் புதன்கிழமை காலையில் தோன்றியது. உண்மையான ஐந்து பேரைப் பிடித்தால் என்ன? அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் பஸ் ஏறினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, 'கொட்டகை வாசலில்' எழுதுகிறவள் கொட்டகைக்குப் போனாள்.

மத்தியான ஆட்டம். பாதிக் கொட்டகை நிறைந்திருந்தது. பாட்டை ஓட்டிவிட முடியாததால் பாட்டையும் பார்த்தாள். கடைசியில் வில்லன் தொழிற்சாலைக்குள் ஓடினான். கதவு மூடியது. கோயில் மணி அடித்தது. சுடலை விபூதிக்கு நெற்றியைக் காட்டினான்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவர் நிதானமாக, "டிஷ்யூம்," என்றார். நடுவரிசையிலிருந்து இன்னொருவர், "டும்." அவ்வளவுதான், கொட்டகையே சண்டையில் இறங்கிவிட்டது. திரையில் அம்மா மகனுக்காக உருகிப் பாடிக்கொண்டிருக்க, இங்கே ஒருவர் ஐஸ் ரம்பம், ஒருவர் வில்லன், நாலைந்து பேர் அடியாட்கள். ஒரு பெரியம்மா, "கொல்லு, அவன விடாத," என்று கத்தினார். புஷ்பவல்லி முதலில் சிரித்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்ததாலா, இத்தனை நாள் இவர்கள் இல்லாமல் தானே ஐந்து பேராக உட்கார்ந்து படம் பார்த்ததை நினைத்தா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

வெளியே செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு விற்கும் வண்டியருகே நின்றுகொண்டு கேட்கத் தொடங்கினாள். கேள்வி ஒன்றே ஒன்று, வில்லன் எப்படிச் செத்தான். பார்க்கவில்லை, காட்டவில்லை என்றுதான் பதில் வரும் என்று எதிர்பார்த்தாள். ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. ஒரு துறைமுகத் தொழிலாளி, மேலே தொங்கிய ஐஸ் கட்டி நேராக மண்டையில் விழுந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு வாத்தியார், சுடலை மன்னித்துவிட்டதாகவும் வில்லன் வெட்கத்தில் தானே செத்ததாகவும் சொன்னார். இரண்டு நண்பர்களில் ஒருவர் ரம்பம் என்றார், மற்றவர் வெறுங்கை என்றார். இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தவர்கள். பேச்சு முற்றிச் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

ஒன்பதாவது ஆள் நான். கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். வில்லன் வளர்த்த நாயே அவன்மேல் பாய்ந்து கழுத்தைக் கடித்தது, நாயின் கண்ணிலும் தண்ணீர் என்று சொன்னேன். படம் முழுவதும் ஒரு நாயும் கிடையாது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். டிக்கெட் வாங்கி உள்ளே போனவன், முடிவு தெரியாமல் வெளியே வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவமானமாக இருந்தது.

கடைசியாகப் பேசியது கம்போங் மேடானிலிருந்து வந்திருந்த தங்கமணி என்ற அம்மா. அவர் சொன்னதை மட்டும் புஷ்பவல்லி வார்த்தை மாறாமல், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா' உட்பட, என்னிடம் ஒப்பித்தார்.

"நான் சண்டைன்னா எப்பவும் கண்ண மூடிக்குவேன் தங்கச்சி. தொறந்து பாத்தா அவன் செத்திருந்தான். எல்லாப் படத்துலயும் அப்படித்தான். எனக்கு ஒண்ணும் கொறயல லா."

மொத்தம் பன்னிரண்டு பேர். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு மனசு பறந்தது. பார்க்காத சண்டையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஊரில் பன்னிரண்டு பேர் இருக்கும்போது, தம்புசாமியும் அவர்களில் ஒருவராக இருந்துவிட்டுப் போகட்டுமே. கேசட்டும் இல்லை, கடையும் இல்லை. வெறும் வாய்ச்சவடால். தம்பியும் பிழைப்பான், பக்கமும் பிழைக்கும். இந்த வார 'கொட்டகை வாசலில்' முழுவதும் நிஜ மனிதர்கள்.

[என் முதல் வரைவு இங்கேயே முடிந்தது. எல்லாரும் சந்தோஷம். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, 'ரொம்ப நல்லா இருக்கு, ஆனா கந்தையா படிச்சாரா?' என்று கேட்டார். கந்தையாவை நான் மறந்தே போயிருந்தேன்.]

7

வியாழக்கிழமை, மணி மூன்று. கந்தையா பன்னிரண்டு கருத்தையும் படித்தார். சிவப்புப் பேனா கையில் இருந்தது. மூன்றாவது கருத்தில் புருவம் ஏறியது. ஒன்பதாவதில் பேனா நின்றது.

"நாய் எங்கேயிருந்து வந்தது?" என்றார்.

அந்த ஆள் அப்படித்தான் சொன்னார் என்றாள். உண்மையைச் சொல்லும்போது குரல் நடுங்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கந்தையா தாள்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அதுதான் மோசமாக இருந்தது.

"இதெல்லாம் நீ மேசையில இருந்து கற்பனையா எழுதினது, பிள்ளை. ஆக்கள் இப்பிடிக் கதைக்க மாட்டினம். கண்ணை மூடிக்கொண்டு ஆர் படம் பாக்கிறது? தம்புசாமியைப் பார், அவன் மனுசன். கண்டதைத்தான் சொல்லுவான்." ஞாயிற்றுக்கிழமை இதழ் அவர் மேசைமேலேயே இருந்தது. தம்புசாமியின் பெயருக்குக் கீழே ராதாகிருஷ்ணன் விரலை வைத்துக் காட்டிய இடம் மடிந்திருந்தது. "அவன்ரை விலாசத்தைத் தா. ராதாகிருஷ்ணன் நாலரைக்கு வாறார்."

[வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இந்த இடத்தில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் முதலில் சிரித்தேன். மூச்சு விடுகிற பன்னிரண்டு பேரை அவர் பொய் என்று தள்ளிவிட்டார், அதில் நானும் ஒருவன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.]

அவள் எதை நினைத்தாள்? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பியை நினைத்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. எதையும் நினைக்கவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது என்றார்.

"அந்த அஞ்சு பேரும் நான்தான் சார்."

கந்தையாவுக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். தம்புசாமி, இராஜம்மா, கன்னையா, இரண்டு வருஷமாக அத்தனை பேரும் தான் எழுதியது. படத்தைக் கேசட்டில் பார்த்தது தான் ஒருத்திதான், ஊரில் வேறு யாரும் அல்ல. ராதாகிருஷ்ணனிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள்.

"எங்க பாத்தேன்னு மட்டும் கேக்காதீங்க சார். அத சொல்ல மாட்டேன்."

கந்தையா அதைக் கேட்கவில்லை. கடையைப் பற்றியோ கேசட்டைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். மடிந்திருந்த பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவி நேராக்கினார். எழுந்து நின்றார். இழவு வீட்டு வாசலில் நின்று கேட்கும் குரலில் கேட்டார்.

"அப்ப தம்புசாமி இல்லையா, பிள்ளை?"

8

மற்றதையெல்லாம் என்னால் ஒரு வரியில் முடித்துவிட முடியும். எத்தனை முடிவு வேண்டும்?

முடிவு அ: பக்கம் நின்றது, வேலை போனது, கடை பிழைத்தது. முடிவு ஆ: கந்தையா அந்தப் பக்கத்தின் கீழே அவள் பெயரைப் போட்டு, தொடர்ந்து எழுதச் சொன்னார். முடிவு இ: ராதாகிருஷ்ணன் வந்து, கேட்டு, சங்கிலி குலுங்கச் சிரித்து, தன் அடுத்த படத்துக்கு அவளை வசனம் எழுதச் சொன்னார். (இது வேண்டாம். எனக்கே நம்பிக்கை இல்லை.) இவற்றில் ஒன்று உண்மையில் நடந்தது. அது எது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேலை, கடை, பக்கம் எல்லாம் அவள் பதில் சொன்ன பிறகு நடந்தவை.

அந்தப் பதில்தான் என்னிடம் இல்லை. கல்யாண விருந்தில் கேட்டேன். அதுவரை கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "அத மட்டும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க எழுதறவரு, நீங்களே எழுதிக்குங்க லா," என்றார். மேலே கேட்கவில்லை.

எழுதிப் பார்த்தேன். 'இல்ல சார்' என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் அதை எழுதியதும் கிள்ளான் சாலையில் எங்கேயோ ஒரு லோரி நின்றுபோனதுபோல் இருந்தது, அடித்துவிட்டேன். 'இருக்காரு சார்' என்று எழுதினேன். அது இன்னும் கஷ்டம். ஏழு கதைகளைத் திருப்பிக் கொடுத்த மனிதரிடம், ஒரு பொய்யை ஒப்புக்கொண்ட அரை நிமிடத்தில், அவள் அடுத்த பொய்யைச் சொன்னதாக ஆகும். அவள் ஒன்றும் சொல்லாமல் அழுதாள் என்று எழுதலாம். அழவில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆகவே உங்களிடம் விட்டுவிடுகிறேன். தப்பிப்பதற்காக இல்லை. தம்புசாமியை இவ்வளவு தூரம் நீங்களும் கூட வந்து பார்த்துவிட்டீர்கள், அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட உங்களுக்கு உரிமை குறைவில்லை. மணி நாலாகப் போகிறது, அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து படியில் காத்திருக்கிறார். கந்தையா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தம்புசாமி இருக்கிறாரா, இல்லையா? அவரிடம் பார்த்துச் சொல்லுங்கள்.